மூன்று விரல் மழலை

அந்தத் தச்சருக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் பட்டறையிலிருந்த வட்ட ரம்பம் கொண்டுபோனபோது மகள் தொட்டிலில் கிடந்தாள். காயம் ஆறியதும் அவர் அதே பட்டறைக்குத் திரும்பி, அதே ரம்பத்தின் முன்னால் நின்று, முன்பு போலவே கதவும் அலமாரியும் செய்தார். இழைப்புளியைப் பிடிக்கும் பிடி மட்டும் கொஞ்சம் மாறியது. கூட வேலை செய்தவர்களுக்கு அந்தக் கை பழகிப்போய்விட்டது. ஆனால் பட்டறைக்கு வெளியே கால் வைத்ததும் கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போய்விடும். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதும், புதியவர்களிடம் எதையாவது வாங்குவதும் இடது கையால்தான்.

அதே வருஷம்தான் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. காற்றில் அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். தொட்டிலில் இருந்தவள் கண்கூடச் சிமிட்டாமல் தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். சிட்டு என்று செல்லமாகக் கூப்பிட்ட பெண்ணுக்கு அந்தக் குரல் அதுவரை எட்டவே இல்லை என்பது அன்றுதான் பெற்றவர்களுக்கு உறைத்தது.

மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவர். அழுவதை அழுது முடித்துவிட்டு, காது கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்குக் கைமொழி சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்து விடாமல் கற்றுக்கொண்டார். தச்சர் முதல் நாள் மட்டும் போனார். அதற்குப் பிறகு பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம், சபாஷ் என்று ஒரு கைப்பிடி அளவு சைகைகள் தாமாகவே வளர்ந்திருந்தன. மகள் அதற்கு மேல் ஏதாவது கையசைத்தால் அவர் சிரித்துத் தலையாட்டுவார். யாராவது கேட்டால், எங்களுக்குள்ள பேச்சு எதுக்கு, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் என்பார். என் பொண்ணு வாயில்லாப் பூச்சி, அவளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது என்று பட்டறையிலும் வீட்டிலும் வாஞ்சையோடு சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டால் மட்டும் மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆகும்.

சிட்டு இரண்டு பஸ் மாறிப் போய்வந்த காது கேளாதோர் பள்ளியை விட்டு, இந்த வருஷம் தெருக்கோடியில் இருக்கும் சாதாரணத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். குளிர் விலகி மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய வாரத்தில் வகுப்பு டீச்சர் பெற்றோர்களைக் கூப்பிட்டு, வசந்த பருவத்தில் பிள்ளைகள் படிக்கப்போவதைச் சொன்னார். கணக்கில் பின்னங்கள். அறிவியலில் விதை முளைப்பதும், தவளையின் வளர்ச்சியும். அதோடு தினமும் காலையில் முதல் பாடமாக, வகுப்பு முழுவதற்கும் கைமொழி. பிறவியிலேயே காது கேளாத ஓர் இளைஞர் அதைச் சொல்லிக்கொடுக்க வருவார். கணக்கு நேரத்தை இதற்கு எடுத்துக்கொண்டால் எப்படி, இதற்குப் பரீட்சை உண்டா என்று ஒரு தகப்பனார் கேட்டாராம். டீச்சர் நிதானமாக, "பக்கத்துல உக்காந்திருக்கிறவகிட்ட பேசறதுக்கு எதுக்குங்க பரீட்சை" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம். மனைவி இதை வீட்டில் வந்து சொன்னபோது தச்சர், நல்லதுதான் என்று சொல்லி ரொட்டியைப் பிட்டுக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்துப் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் வந்தது. மனைவிக்கு மருந்துக் கடையில் சரக்கு சரிபார்க்கும் வேலை. வேறு வழியில்லாமல் தச்சர் போனார். தலைமுடியில் இருந்த மரத்தூளை வாசலிலேயே தட்டிவிட்டு, வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சின் மேல் ஓர் அவரை விதை. சில முளைத்திருந்தன, சில முரண்டு பிடித்துக்கொண்டிருந்தன. மூலையில் கண்ணாடித் தொட்டியில் தலைப்பிரட்டைகள். அறையில் சத்தமே இல்லை. பிள்ளைகள் ஒழுங்காகக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால் ஒரு கையும் சும்மா இல்லை. இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு, ஜன்னல் பக்கத்திலிருந்து கதவுப் பக்கத்துக்கு, டீச்சரின் முதுகுக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. சந்தைக்கடை போல ஒரே அமளி, காதுக்கு மட்டும் ஒன்றும் எட்டவில்லை. சத்தம் போடாமல் அரட்டை அடிக்க ஒரு வழி கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்?

அவரைக் கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் மோவாயை இடித்தது. பக்கத்தில் இருந்த சிறுமி ஓரிடத்தில் நிற்காதவள், அதனால் வகுப்பில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். நீங்க சிட்டுவோட அப்பாதானே என்று அவளே கேட்டுக்கொண்டு, அவளே ஆமாம் என்றும் சொல்லிக்கொண்டாள்.

சிட்டு எழுந்து முன்னால் போனாள். தலைப்பிரட்டை எப்படித் தவளையாகிறது என்று விளக்கவேண்டியது அவள் முறை. தச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பாவம், இத்தனை பேர் முன்னால் பயந்துவிடுவாளே என்று நினைத்தார்.

அவள் கைகளைத் தூக்கினாள். அந்த நொடியே வகுப்பு அவள் பக்கம் திரும்பிவிட்டது. விரல்களில் வால் நெளிந்தது. கால் முளைத்தது, முதலில் பின்னால், பிறகு முன்னால். அவள் திரும்பிப் பார்த்து வாலைத் தேடினாள், காணோம். மேஜைக்கு அடியில் தேடினாள். டீச்சரின் பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றிக்கு மேல் தடவித் திடுக்கிட்டாள். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. கைமொழி சொல்லித்தரும் இளைஞர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தச்சர் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்.

"தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல வச்சுக்கிட்டே தேடுவாரு. அதை மாதிரி தவளை வாலைத் தேடுதாம்" என்று பம்பரம் கிசுகிசுத்தாள். "இருங்க, இப்பத்தான் நல்ல இடம் வருது."

தவளை கரையேறி நாற்காலியில் சாய்ந்தது. தலை மெல்ல மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. வாய் திறந்துகொண்டது. யாரோ தட்டி எழுப்பியதும் விறைத்து நிமிர்ந்து, தூங்கவே இல்லை என்று பெரிய மனிதத் தோரணையில் தலையசைத்துவிட்டு மறுபடியும் சரிந்தது. இதற்குப் பம்பரத்தின் விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டு நாற்காலியில் தூங்கிவழிகிறவர் யார் என்று அவருக்கே தெரியும். வகுப்பு மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். இவள் இப்படி ஒரு குறும்புக்காரி என்று இந்த அறையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லையே.

சிட்டு அங்கிருந்தே அவரைப் பார்த்து எதையோ வேகமாகக் கேட்டாள். அவர் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார்.

பம்பரம் அவர் சட்டையை இழுத்தாள். "அங்கிள், எதுக்கு அழறீங்கன்னு கேக்கறா. நீங்க சரி சரின்னு தலையாட்டறீங்க."

அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்ததும் தச்சர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்கு வாய்க்கொழுப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா, நான் தினமும் பார்க்கிறேனே என்றார். பிறகு பல வருஷமாக அடக்கிவைத்திருந்ததையும் கேட்டுவிட்டார். பெண்ணுக்குக் காது கேட்கவில்லை என்பது உங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தானே கற்றுக்கொள்ளவில்லை?

தச்சர் பைக்குள்ளிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவளை நினைச்சு எனக்கு என்ன வெட்கம். இதை நினைச்சுத்தான். அந்த முதல் நாள் வகுப்புல எல்லாரும் ரெண்டு கையையும் தூக்குங்க, அவங்கவங்க பேரை விரல்ல எழுதிக் காட்டுங்கன்னாங்க. கட்டு அவிழ்த்து அப்ப ரெண்டு வாரம்கூட ஆகலை. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு எழுந்து வந்தவன்தான். பாதிக் கையை வச்சுக்கிட்டு என்னத்தைப் பேச?"

மனைவிக்கு இத்தனை வருஷமாக அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் வைத்திருந்தது தப்பாகிப்போனதே என்று இருந்தது. ஆனால் உடனே கோபமும் வந்தது. "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். பாதிக் கைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அவகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

மகளிடம் கேட்பதற்கே மனைவிதான் இடையில் நிற்கவேண்டியிருந்தது. அப்பா உன் வகுப்புக்கு வந்து கைமொழி படிக்கலாமா என்று கேட்டதும் சிட்டுவுக்கு அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை. யோசித்துவிட்டு, வரட்டும், ஆனா என் பக்கத்துல உக்காரக் கூடாது, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவும் கூடாது என்றாள்.

வகுப்பு டீச்சர், நாற்காலி சின்னது, முதுகு வலிக்கும், மற்றபடி எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பட்டறை முதலாளி, காலையில் ஒரு மணி நேரம் பிந்தி வந்து சாயங்காலம் ஈடுகட்டிக்கொள்ளச் சொன்னார். ஆக, வசந்த பருவத்தின் நடுவில், மீசை வைத்த ஒரு மாணவர் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நாளே பம்பரம் கேட்டுவிட்டாள். "உங்க விரல் எங்க அங்கிள்?" பெரியவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். பிள்ளைகளோ வளைத்துக்கொண்டு பார்த்தார்கள். ரம்பம் என்று சொன்னார். எவ்வளவு பெரிய ரம்பம் என்று ஒருவன் கேட்டான். இப்பவும் அதே ரம்பத்தில்தான் வேலை செய்கிறீர்களா என்று இன்னொருத்தி கேட்டாள். ஆமாம் என்றதும் அவளுக்கு அவர்மேல் ஏகப்பட்ட மரியாதை வந்துவிட்டது. சிட்டு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, தன் அவரைச் செடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வோர் எழுத்தையும் விரலால் காட்டும் விரலெழுத்துப் பாடத்தில் அவர் திணறினார். எல்லா விரல்களையும் விரித்துக் காட்டவேண்டிய எழுத்து அவர் கையில் வேறு எழுத்தாகத் தெரிந்தது. நான் ஒரு கதவு செய்தேன் என்று சொல்லப்போய், நான் ஒரு கதவைத் தின்றேன் என்று சொல்லிவைத்தார். வகுப்பு வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் கை மறுபடியும் பையைத் தேடிப் போனது. கைமொழி இளைஞர் அதைப் பார்த்துவிட்டார். கரும்பலகையில் எழுதினார்: முன்பல் விழுந்தவர்கள் உங்களில் யார்? பாதி வகுப்பு கை தூக்கியது. பல் விழுந்ததும் நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டீர்களா, உங்கள் அம்மாவுக்கு நீங்கள் பேசுவது புரியாமல் போய்விட்டதா என்று அடுத்து எழுதினார். பிறகு எல்லோரும் வலது கையில் சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் மடக்கச் சொன்னார்.

அன்று அந்தப் பாடம் முழுவதும் வகுப்பு மூன்று விரலால் பேசியது. எந்தச் சொல் அப்படியே வருகிறது, எது குழம்புகிறது, குழம்புவதை எப்படிச் சமாளிக்கலாம் என்று பிள்ளைகள் தாங்களே ஆராய்ந்தார்கள். இடது கையை மாற்றிக்கொள்ளலாம் என்றான் ஒருவன். மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும் என்று பம்பரம் செய்து காட்டினாள். ஒருவருக்கும் பரிதாபம் இல்லை. பின்னக் கணக்கில் முட்டி மோதும்போது வருமே, அதே முனைப்பு. நாற்பது வயது மனிதர் எட்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் வயதில் தாம் இப்படி யாருக்காகவாவது மெனக்கெட்டிருப்போமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சிட்டுவும் இரண்டு விரலை மடக்கியிருந்ததை அவர் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்ததும் அவள் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள்.

வகுப்புக்கு வெளியே அவள் இறங்கி வரவே இல்லை. அவர் கற்றுக்கொண்ட சொற்களை வீட்டில் அவளிடம் பேசிப் பார்த்தால் கண்டும் காணாமல் போய்விடுவாள். காரணம் பம்பரம் மூலமாகத்தான் தெரிந்தது. "நீங்க எல்லாத்தையும் கத்துக்கிட்டா அப்புறம் உங்களைப் பத்தி உங்க முன்னாலயே பேச முடியாதில்ல. அதான்."

அப்படியானால் இத்தனை நாளாக அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் தச்சர் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கினார். சில நாள் ஒன்றும் பிடிபடவில்லை. பட்டறையில் ரம்பம் ஓடும்போது ஒருவருக்கொருவர் ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள், பலகையின் அளவைக்கூட அந்தக் கோடியிலிருந்தே கேட்டுவிடுவார்கள். அதெல்லாம் மொழி என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் அந்தப் பழக்கம் கண்ணில் ஊறியிருந்தது இப்போது உதவியது.

ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது சிட்டு அம்மாவிடம் கையசைத்தாள். மீசை, முதலில், குடிக்கிறது, அப்பா, பிறகு. மனைவி சிரிப்பை விழுங்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

தச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மீசைக்கும் பசிக்கும்."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலச் சிட்டு உறைந்துபோனாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவள் மூக்கிலிருந்து சூப் தெறிக்கும்படி ஒரு சிரிப்பு வந்தது. நாற்காலியோடு பின்னால் சாயப்போனவளை அவர்தான் எட்டிப் பிடித்தார்.

சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டதும், அவள் அவர் வலது கையைத் தன் பக்கம் இழுத்து, தட்டை நகர்த்திவிட்டு மேஜைமேல் வைத்தாள். விரல் இல்லாத இடத்தைத் தொட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். ரம்பம் என்று வகுப்பில் அவர் சொன்னது அவளுக்குத் தெரியும். இப்போது முழுக் கதையும் வேண்டும் என்றாள்.

அவர் சொன்னார். தெரிந்த சொற்கள் குறைவு. சொல் கிடைக்காத இடத்தில் மனைவியைப் பார்த்தார், மனைவி சொல்லைக் கொடுத்தார், அவர் அதைத் தன் கையால் திருப்பிச் சொன்னார். ஈரமான பலகை. உள்ளே ஒரு கணு. பலகை துள்ளியது. அவ்வளவுதான்.

வலிச்சுதா என்றாள். ஆமாம். அழுதியா என்றாள். ஆமாம். விரல் இப்ப எங்கே என்றாள். தெரியவில்லை, மரத்தூளோடு போயிருக்கும் என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, நல்லாத் தேடியிருக்கலாம் என்றாள்.

"ஏன் இவ்வளவு நாள் கத்துக்கலை?"

இதைக் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். வகுப்பில் உட்கார்ந்து இதற்கான சொற்களைத்தான் பம்பரத்திடமும் அந்த இளைஞரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வைத்திருந்தார். கை தப்பாகப் பேசும் என்று வெட்கமாக இருந்தது என்றார். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன் என்றார்.

"நீ தப்பாத்தான் பேசற" என்றாள் சிட்டு. "நானும் சிரிக்கத்தான் சிரிக்கறேன். ஆனா எனக்குப் புரியுதே அப்பா."

மனைவி எழுந்து, காலியாகாத தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எட்டு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. அவர் கற்றுக்கொண்டதைவிட அவள் பேசும் வேகம் எப்போதும் அதிகமாகவே இருந்தது. மெதுவாக, மெதுவாக என்று அவர் கெஞ்சவேண்டியிருந்தது. வகுப்பில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவும் அனுமதி கொடுத்தாள், முழங்காலை இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பள்ளிக்கு நடந்துபோகும் வழி சிறியதுதான். ஆனால் கைமொழியில் பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும், நடந்துகொண்டே பேசினால் விளக்குக் கம்பத்தில்தான் முட்டிக்கொள்ளவேண்டும். அதனால் ஒவ்வொரு பேச்சுக்கும் நடைபாதையில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அலுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். துளிர்விட்ட மரத்தடியில் நின்று, முதல் மணி அடித்தது அவருக்குக் கேட்டும் அவர் நகராமல், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பெரிய விவகாரம். அவளுக்கும் பம்பரத்துக்கும் சண்டை. பம்பரம் அவள் வண்ணப் பென்சிலை எடுத்து முனையை உடைத்துவிட்டு, தான் உடைக்கவில்லை என்று சாதிக்கிறாள்.

தச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகட்டும், நீயே முதல்ல போய்ப் பேசிடேன் என்று பெரியவர்கள் சொல்லும் யோசனையைத் தன் மூன்று விரலால் சொன்னார்.

சிட்டு இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உனக்கு ஒண்ணும் தெரியலை என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் அவள் பின்னாலேயே வகுப்புக்குள் போனார்.